செத்தவீட்டுக் கார்ட்டில் ஒரு சாமத்தியவீடு

கொக்குவிலில், ரயில் பாதையைத் தாண்டி இறங்கும் ஒழுங்கையில் போய் "உதயகலா வீடு எது?" என்று கேட்டால் இரண்டு பேராவது யோசிப்பார்கள். "படக்காரச் சுபாஸின்ரை மனிசி" என்று சொன்னால், வாயில் சூப்புத்தடியோடு நிற்கும் பிள்ளையும் கை நீட்டிப் பச்சைப் படலையைக் காட்டும்.

அவள் மீசாலையில் பிறந்து, சுபாஸ்கரனைக் கட்டிக் கொக்குவிலுக்கு வந்தவள். கலியாண அல்பத்தைத் தாய் வீட்டு அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்தாள். இரண்டாயிரமாம் ஆண்டுச் சண்டையில் தென்மராட்சியே எழும்பி ஓடியபோது அலுமாரியும் போனது, அல்பமும் போனது, அந்த வீட்டுக் கூரையும் போனது. அதற்குப் பிறகு அவள் ஒரு கமராவுக்கும் நேரே முகம் காட்டியதில்லை. ஊரெல்லாம் படம் எடுக்கிறவரின் வீட்டில், அடையாள அட்டைக்கு எடுத்ததைத் தவிர அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை. கேட்டால், "என்ரை முகத்தை ஆர் பாக்கப் போகினம்?" என்று சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள்.

ஆனால் தொழிலில் அவளுக்கும் பங்கு இருந்தது. அதுவும் லேசான பங்கில்லை.

சுபாஸ்கரன் கலியாணவீட்டுக்கும் போவார், செத்தவீட்டுக்கும் போவார். கமரா ஒன்றுதான். ஆனால் மெமரி கார்ட் இரண்டு. அது உதயகலா போட்ட சட்டம். நல்ல காரியத்துக்குப் போகும் கார்ட் சாமித் தட்டில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருக்கும். செத்தவீட்டுக் கார்ட் கமராப் பையின் வெளிப்பொக்கற்றைத் தாண்டி ஒரு போதும் வீட்டுக்குள் வராது. அவர் அந்தப் படங்களை விறாந்தையோடு ஒட்டிய ஸ்டூடியோ அறையில் கொம்பியூட்டருக்கு ஏற்றி முடித்ததும், கார்ட்டில் உள்ள எல்லாவற்றையும் அழிப்பது அவள்தான். அழிக்கும்போதும் படத்தைப் பார்க்கமாட்டாள். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, மனப்பாடமாகிப்போன பொத்தான்களை விரலால் தடவி அமத்துவாள். பிறகு பைக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, கார்ட்டை மதில் மேல் ஒரு சிரட்டைக்குக் கீழே கவிழ்த்து வைப்பாள். செத்தவீட்டுத் தீட்டுப் போக, வெள்ளிக்கிழமை கழியும்வரை அதை ஒருவரும் தொடக்கூடாது.

"கலா, உது பிளாஸ்ரிக். அதுக்கென்ன துடக்கு?" என்று இந்தச் சட்டம் வந்த புதிதில் அவர் கேட்டார்.

"பிளாஸ்ரிக்குக்குத் துடக்கில்லை. அதுக்குள்ளை படுத்திருக்கிற சனத்துக்கு இருக்கு."

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

இன்னொரு வேலையும் அவளுடையது. எந்த வீட்டுக்குப் புறப்பட்டாலும் சுபாஸ்கரன் படலையடியில் நின்று, "கலா, தாளைப் பிடியும்!" என்று கூப்பிடுவார். அவள் கையில் இருக்கிற அகப்பையோ ஈர்க்குமாறோ எதுவென்றாலும் போட்டுவிட்டு வந்து, வெள்ளைத் தாள் ஒன்றை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பாள். வெளிச்சத்தின் நிறம் சரியா என்று பார்க்க அந்தத் தாள். கிளிக் என்று ஒரு சத்தம் கேட்கும். அவள் தாளை மடித்துக்கொண்டு திரும்பி நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் இன்னொரு கிளிக் கேட்கும். அதுவும் வெளிச்சத்துக்குத்தான் என்று அவள் நினைத்திருந்தாள்.

"அழிச்சாச்சோ? செத்தவீட்டுக் கார்ட்டிலை என்ரை முகம் கிடக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்!"

"அழிச்சிட்டன், அழிச்சிட்டன்" என்று சொல்லிக்கொண்டே மோட்டார் சைக்கிளை உதைப்பார்.

இப்படி ஒழுங்காக ஓடிய வண்டி, இந்த ஆவணியில் ஒரு திங்கட்கிழமை குடை சாய்ந்தது.

அதற்கு முந்திய சனிக்கிழமை கொழும்புத்துறையில் வள்ளமும் வலையும் வைத்திருந்த கிறிஸ்துநாயகம் சம்மாட்டியாரின் செத்தவீடு. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஒழுங்கையில் இராசமலரின் மகள் சாருஜா பெரிய பிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. செத்தவீட்டுப் படங்களைச் சுபாஸ்கரன் சனி இரவே கொம்பியூட்டரில் ஏற்றிவிட்டார்; ஆனால் நல்ல நாளில் அந்தக் கார்ட்டைத் தொடக்கூடாது என்று உதயகலா ஞாயிறு முழுவதும் அதன் பக்கமே போகவில்லை. திங்கள் காலை சுபாஸ்கரன் கமராவை வைத்துவிட்டுப் பாஸ்போட் படங்கள் கொடுக்க வெளியே போனதும், வெளிப்பொக்கற்றில் இருந்த கார்ட்டை எடுத்து, வழக்கம் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு எல்லாவற்றையும் அழித்தாள். மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். சிரட்டையால் மூடினாள். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

மத்தியானம் சுபாஸ்கரன் வந்து சாப்பிட்டுக் கை கழுவும்போதே இராசமலர் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் ஒரு தட்டம். தட்டம் நிறையப் பயற்றம் பணியாரமும் கொழுக்கட்டையும். முகத்தில் நேற்றைய சிரிப்பு இன்னும் கழுவாமல் இருந்தது.

"கலாக்கா, அண்ணை விடியக் கொழும்புக்கு வெளிக்கிட்டிட்டார். இண்டைக்கு இரவு பிளேன். போகேக்கை ஒண்டே ஒண்டுதான் கேட்டவர், 'மலர், நான் தேங்காய் உடைச்ச படத்தை அனுப்பு' எண்டு. சுபாஸ் அண்ணை, அந்த ஒண்டை மட்டும் இப்பக் காட்டுங்கோவன்!"

அந்த ஒன்று எது என்று கொக்குவில் முழுவதற்கும் தெரியும். இராசமலர் தானே விரும்பிக் கலியாணம் கட்டினாள் என்று சுவிசில் இருக்கும் அண்ணன் குகதாசன் அவளோடு கதைப்பதையே விட்டவர். தங்கைக்குப் பிள்ளை பிறந்தது, அந்தப் பிள்ளை பெரிய பிள்ளையானது வரை ஒரு சொல் இல்லை. அப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை வேட்டியும் சால்வையுமாகத் தாய்மாமனாய் வந்து நின்றார். மருமகளுக்குத் தண்ணீர் வார்க்க முன்னம் தேங்காய் உடைத்தார். தேங்காய் இரண்டாகப் பிளந்த அந்தக் கணமே அவரும் உடைந்துபோனார். பிளந்த பாதிகள் கையில் இருக்க, கல்லாய் நின்ற மனிதன் குழந்தைப் பிள்ளை போலத் தேம்பினார். இராசமலர் ஓடிப்போய் அந்தத் தோளில் விழுந்தாள். பந்தலில் அழாத கண் இல்லை.

அந்தக் கணத்தைச் சுபாஸ்கரன் மட்டுமே பிடித்திருந்தார். வீடியோ வேண்டாம், படம் மட்டும் போதும் என்பது இராசமலரின் ஏற்பாடு. சனத்தின் கையில் இருந்த போன்களையும், "எல்லாரும் போனுகளைக் கீழை விடுங்கோ! என்ரை படத்திலை உங்கடை கையள்தான் விழுது" என்று சத்தம் போட்டு இறக்கியது சுபாஸ்கரனேதான்.

"இரும் மலர், எடுத்துக்கொண்டு வாறன்" என்று எழுந்தவர், ஸ்டூடியோ அறைக்குள் போய்ப் பையைத் துழாவினார். பிறகு வெளியே வந்து மதிலைப் பார்த்தார். சிரட்டையைப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது.

"கலா, ஒருக்கால் இஞ்சை வாரும்."

குரல் சரியில்லை. அவள் உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்.

"அந்தக் கார்ட்டை அழிச்சிட்டீரோ?"

"எந்தக் கார்ட்டை?"

"வெளிப்பொக்கற்றிலை இருந்தது."

"ஓம். அது செத்தவீட்டுக் கார்ட்தானே?"

"ஓம்... செத்தவீட்டுக் கார்ட்தான்."

"பின்னை என்ன?"

சுபாஸ்கரன் கதிரையில் இருந்தார். தலையில் கையை வைத்தார். சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தார்.

"நேற்று நடுவிலை நல்ல கார்ட் நிரம்பிப்போச்சு. தேங்காய் உடைக்கப் போகினம், ஐயர் மணியை ஆட்டுறார். வேறை கார்ட் இல்லை. என்ன செய்ய? அதைத்தான் போட்டனான்."

உதயகலா அவர் முன்னால் வந்து நின்றாள்.

"செத்தவீட்டுக் கார்ட்டையோ? சம்மாட்டியார் படுத்திருக்கிற கார்ட்டையோ? அந்தப் பிள்ளையின்ரை சாமத்தியவீட்டிலையோ?"

"மெல்லக் கதையும்! அவள் வெளியிலை இருக்கிறாள்."

"நேற்று இரவு ஏன் கொம்பியூட்டரிலை ஏத்தேல்லை?"

"நீர் பக்கத்திலை இருந்தனீர். கண்டால் சும்மா விடுவீரோ? நீர் சந்தைக்குப் போற நேரம் ஏத்துவம் எண்டு திரும்ப அந்தப் பொக்கற்றுக்குள்ளையே ஒளிச்சு வைச்சனான்."

அவள் சுவரோடு சாய்ந்தாள். மறைத்தவர் அவர், அழித்தவள் அவள். ஒருவரை ஒருவர் ஏச இரண்டு பேருக்குமே வாயில்லை. விறாந்தையில் இராசமலர் ஏதோ பாட்டு முணுமுணுப்பது கதவுக்குள்ளால் கேட்டது. அந்த முணுமுணுப்புத்தான் உதயகலாவின் நெஞ்சில் ஊசியாக இறங்கியது. எத்தனை வருசமாக அழாமல் அடக்கி வைத்திருந்தவள் இராசமலர்! அண்ணன் தோளில் சாய்ந்த அந்த ஒரு கணத்தைத் தன் விரல் தடவி அழித்துவிட்டதே. அண்ணன் திரும்பி எப்போது வருவாரோ, வந்தாலும் உடைத்த தேங்காயை இன்னொரு முறை அப்படி உடைக்க முடியுமோ?

"இதுக்கு ஒரு வழியும் இல்லையோ?"

"திருநெல்வேலியிலை தேனுஜன் எண்டு ஒரு பெடியன் கொம்பியூட்டர் கடை வைச்சிருக்கிறான். அழிஞ்சதை எடுத்துக் குடுக்கிறவன் எண்டு கேள்வி. கொண்டுபோய்ப் பாப்பம்."

"நானும் வாறன். அழிச்சது நான்."

இராசமலரிடம் கொம்பியூட்டர் குழப்படி செய்கிறது, பின்னேரம் கொண்டுவந்து காட்டுகிறோம் என்று ஒரு பொய் சொன்னார்கள். அவள் நம்பிவிட்டுத் தட்டத்தை மேசையில் வைத்து, "கொழுக்கட்டை ஆறமுன்னம் சாப்பிடுங்கோ" என்று சொல்லிப் போனாள். உதயகலா அந்தத் தட்டத்தை ஒரு மூடியால் மூடினாள்.

மதிலடிக்குப் போய்ச் சிரட்டையை அவளே நிமிர்த்தினாள். வீட்டு வாசலைத் தாண்ட விடாத அந்தக் கார்ட்டைக் கைலேஞ்சியில் சுற்றி, உள்ளங்கையில் பொத்தி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினாள். பலாலி வீதி முழுவதும் அவள் கை விரியவில்லை.

தேனுஜன் கார்ட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தான். புதிதாக ஒன்றும் பதியாமல் தடுக்க, அதன் ஓரத்தில் இருந்த குட்டிப் பூட்டை நகத்தால் தள்ளிவிட்டு, "இதை அழிச்ச பிறகு ஏதேன் படம் எடுத்தனீங்களோ அண்ணை?" என்றான்.

"இல்லை."

"நல்ல காலம். அழிக்கிறதெண்டால் கமரா படத்தைத் துடைக்கிறதில்லை. இந்த இடம் காலி எண்டு எழுதி வைக்கும், அவ்வளவுதான். புதுசா ஒண்டு வந்து அதிலை குந்தும்வரைக்கும் பழைய ஆள் அங்கைதான் இருப்பார். கனபேர் அழிச்ச பதட்டத்திலை ரெண்டு படம் அடிச்சுப் பாத்திட்டுத்தான் வருவினம். பேந்து நான் என்ன செய்ய? நீங்கள் எப்பிடித் தொடாமல் விட்டனீங்கள்?"

சுபாஸ்கரன் மனைவியைப் பார்த்தார். உதயகலா தயங்கித் தயங்கி மஞ்சள் தண்ணீர், சிரட்டை, வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னாள். தேனுஜன் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

"அப்ப அக்கான்ரை துடக்குத்தான் காப்பாத்தியிருக்கு."

"அழிச்சதும் அதுதான் தம்பி" என்றார் சுபாஸ்கரன்.

"அழிச்சது துடக்கில்லை, உங்கடை ஒளிப்பு!" என்றாள் அவள். அன்றைக்கு முதல் முறையாக மூன்று பேரும் சிரித்தார்கள்.

தேனுஜன் கார்ட்டைக் கொம்பியூட்டரில் சொருகினான். திரையில் ஒரு பச்சைக் கோடு எறும்பு போல ஊரத் தொடங்கியது. கிடைப்பவற்றைக் கார்ட்டிலேயே திரும்ப எழுதாமல் வேறு இடத்தில் சேமிப்பதாகச் சொன்னான். சுபாஸ்கரன் பக்கத்துக் கடையில் பால்தேத்தண்ணி வாங்கிவந்தார். உதயகலா அதைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளுக்குள் நல்லூர்க் கந்தனுக்கு ஒரு அருச்சனை, அது போதாது என்று இன்னொன்று.

படங்கள் வரத் தொடங்கின. பெயரும் ஒழுங்கும் இல்லாமல், வந்தபடி வந்தன. முதலில் கிறிஸ்துநாயகம் சம்மாட்டியார் வெள்ளைச் சட்டையோடு பெட்டிக்குள் கிடந்தார். அடுத்தது சாருஜா, தலை நிறையப் பூவோடு. அடுத்தது சம்மாட்டியாரின் மகள் ஜெசிதா, தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு. அடுத்தது ஆரத்தித் தட்டு.

உதயகலா வழக்கப்படி முகத்தைத் திருப்பப் போனாள். ஆனால் எந்தப் படத்துக்குப் பிறகு இராசமலர் வருவாளோ என்று தெரியாதே! கண்ணை எடுக்காமல் எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்தபோது பயம் வரவில்லை. சம்மாட்டியார் நித்திரை கொள்கிற மாதிரித்தான் இருந்தார். ஜெசிதாவைப் பார்த்ததும் தன் தகப்பனின் நினைவு வந்தது. இத்தனை காலமும் பாராமல் துடைத்தெறிந்த முகங்கள் இவைதானா என்று மனம் கேட்டது.

அப்போது தேனுஜன், "இது ஆர்?" என்றான்.

திரையில் பச்சைப் படலை. வெள்ளைத் தாளோடு, வேலியைப் பார்த்தபடி, நைற்றியில் உதயகலா.

"ஐயோ! இது எங்காலை வந்தது? இதை அழிச்சனீங்கள்தானே?"

"உதெல்லாம் எப்பவோ அழிச்சது அக்கா. பெரிய கார்ட். உங்கடை கமரா புது இடம் தேடித் தேடி எழுதிக்கொண்டு போகும். கார்ட் ஒரு சுத்துச் சுத்தி நிரம்பினாத்தான் பழைய இடத்துக்கு வரும். அதாலை தப்பியிருக்கு."

அடுத்த படத்தில் தாள் இல்லை. அவள் முதுகு காட்டி நடக்கிறாள், ஈரத் தலைமயிர் பின்னால் விழுந்து கிடக்கிறது. வேறொன்றில் பாதி திரும்பி யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். இன்னொன்றில் முருங்கையில் இலை பறிக்கிறாள், குதிக்கால் எழும்பி நிற்கிறது. ஒன்றின் அரைவாசி சாம்பல் நிறமாய் அழிந்து, மற்ற அரைவாசியில் அவளுடைய கழுத்தும் தோடும் மட்டும். ஒவ்வொன்றிலும் வெயில் எப்படி விழவேண்டுமோ அப்படி விழுந்திருந்தது. தாள் பிடித்த படம் ஒன்றென்றால், தாள் இல்லாத படம் ஒன்று. முதுகுக்குப் பின்னால் கேட்ட அந்த இரண்டாவது கிளிக்.

சுபாஸ்கரன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்.

"இதென்னத்துக்கு எடுத்தனீங்கள்?"

"வெளிச்சம் பாத்தனான்."

"முருங்கையிலையோ?"

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு மெல்ல, தேனுஜனுக்குக் கேட்காத குரலில், "போற வழியிலை ஒருக்கால் பாத்திட்டு அழிச்சுப்போடுவன்" என்றார். "நீர்தானே சொன்னனீர், உம்மடை முகம் அதிலை கிடக்கக்கூடாதெண்டு."

உதயகலா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். கண் நிரம்பித் திரை கலங்கியது. மீசாலையில் போன அல்பத்துக்கு அழுத அழுகைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! அன்றைக்கு முகம் போய்விட்டது என்று அழுதாள். இன்றைக்கு, ஒருவர் அந்த முகத்தை ஒவ்வொரு தடவையும் திருடிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போயிருக்கிறார் என்று தெரிந்து அழுதாள்.

"கிடைச்சிட்டுது!" என்று தேனுஜன் கத்தினான்.

குகதாசனின் தோளில் இராசமலர். அண்ணனின் கண் மூடியிருக்கிறது, கன்னம் பளபளக்கிறது. தங்கையின் கை அவர் சால்வையை இறுகப் பிடித்திருக்கிறது. பின்னால் சாருஜா, வாய் திறந்தபடி. இடுப்புக்குக் கீழே மட்டும் சாம்பல் பட்டை. உடைந்த தேங்காய் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

"அந்தத் துண்டு வராது போல இருக்கண்ணை" என்றான் தேனுஜன் மன்னிப்புக் கேட்கும் குரலில்.

பின்னேரம் இராசமலர் வீட்டு விறாந்தையில் இருவரும் போய் இருந்தார்கள். வரும் வழியில் பொய்யை நீட்டிக்கொண்டு போகலாம் என்றுதான் சுபாஸ்கரன் சொன்னார். உதயகலா ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாள், தான் அழித்ததையும் சேர்த்து. சுபாஸ்கரன் தன் பங்குக்கு, எந்தக் கார்ட்டைப் போட்டேன் என்பதைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சொல்லி முடித்ததும் உதயகலா இராசமலரின் முகத்தைப் பார்த்தாள். நல்ல காரியத்தில் செத்தவீட்டுக் கார்ட். எந்தத் தாய் பொறுப்பாள்?

இராசமலர், அவர்கள் தன் போனுக்கு ஏற்றித் தந்த படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"சுபாஸ் அண்ணை, அம்மாவின்ரை செத்தவீட்டுக்கும் நீங்கள்தானே படம் எடுத்தனீங்கள்?"

"ஓம்."

"நான் பெட்டியடியிலை தனிய நிண்ட படம் ஒண்டு. அதை ஆரோ அண்ணைக்கு அனுப்பியிருக்கினம். 'பெட்டியைச் சுத்தி எல்லாற்றை பிள்ளையளும் நிக்க, என்ரை தங்கச்சி தனிய நிண்டாளே' எண்டு அதைப் பாத்துத்தான் மனம் மாறினவராம். நேற்று அவரே சொன்னவர்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் நீர், வாயில் சிரிப்பு. "அதுவும் இந்தக் கார்ட்தானோ?"

சுபாஸ்கரன் தலையைச் சொறிந்தார். "இருக்கும்."

"பின்னை? அண்ணையைக் கூட்டிக்கொண்டு வந்ததே அந்தக் கார்ட்தான். அவர் வந்த படமும் அதிலை கிடந்தால் என்ன குறை?"

"ஆனா மலர்," என்று உதயகலா இழுத்தாள், "தேங்காய் வரேல்லை."

"தேங்காய் என்னத்துக்கு அக்கா? பின்வளவிலை விழுந்து முளைச்சுக் கிடக்கு. எனக்கு அண்ணைதான் இல்லாமல் இருந்தவர்."

அவள் அந்தக் கணமே படத்தை அண்ணனுக்குப் போனில் அனுப்பினாள். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் அவர் பார்த்திருக்க வேண்டும். பதிலாக ஒரு சொல்லும் வரவில்லை. அழைப்பு வந்தது. அண்ணனும் தங்கையும் கதைக்கட்டும் என்று இவர்கள் இருவரும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியேறினார்கள்.

அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை கழிந்து, சனிக்கிழமை ஒரு வீடு குடிபுகுதல். சுபாஸ்கரன் படலையடியில் நின்று வழக்கம் போலக் கூப்பிட்டார்.

"கலா, தாளைப் பிடியும்!"

"பொறுங்கோ."

பொறுத்தார். பிறகும் பொறுத்தார். "ஐயர் பாலைக் காய்ச்சிக் குடிச்சும் முடிச்சிடுவார், கெதியா வாரும்!" என்று சத்தம் போட்டார்.

உதயகலா வந்தாள். முகம் கழுவி, பொட்டு வைத்து, தைப்பொங்கலுக்கு எடுத்த மாம்பழ நிறச் சீலை உடுத்து வந்தாள். படலையடியில் நின்று, வேலியைப் பார்க்காமல், நேரே கமராவைப் பார்த்தாள்.

"எந்தக் கார்ட் கிடக்கு?" என்று கேட்டாள்.

"நல்ல கார்ட்."

"எதெண்டாலும் அழிக்கவேண்டாம்."

கிளிக் என்றது. இரண்டாவது கிளிக்குக்கு அவள் திரும்பவில்லை. அப்படியே நின்றாள். கமராவின் சின்னத் திரையைக் குனிந்து பார்த்த சுபாஸ்கரன், நிறம் எல்லாம் மஞ்சளாய் வந்திருப்பதைக் கண்டார். நிமிர்ந்து பார்த்தபோதுதான், வெள்ளைத் தாளை அவள் குசினியிலேயே மறந்துவிட்டு வந்திருப்பது தெரிந்தது.

"சரியோ?" என்று கேட்டாள் அவள்.

"சரி" என்று சொல்லி, கமராவைப் பைக்குள் வைத்தார்.